முன்வாசலில் மேசை போடுவது பற்றி

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வீடு மாறுவதற்கு முன் வேண்டாத சாமான்களை முன்வாசலில் பரப்பி விற்றுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார், எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தெரிந்தவர்கள் காரில் போகும்போது பார்த்தால் பணக்கஷ்டம் என்று நினைத்துவிடுவார்களே என்பது உன் கவலை. போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை சொல்வது அமெரிக்காவில் சாதாரண விஷயம். நன்றாகச் சம்பாதிப்பவர்களும் அங்கே கராஜ் சேல் போடுகிறார்கள். 127-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி 1987-இல் ஆரம்பித்த ஒரு விற்பனை இப்போது மிச்சிகனிலிருந்து அலபாமா வரை 690 மைல் நீளத்துக்கு நடக்கிறது. ஆகஸ்டில் நான்கு நாள், வழி நெடுக மேசைகள். கடையில் போட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிற அதே ஆள், இங்கே ஒரு மேசை விளக்குக்கு நின்று நிதானமாகப் பேரம் பேசுவார். பேசாவிட்டால்தான் விற்பவருக்குச் சப்பென்று இருக்குமோ என்னவோ.

அதற்காக உன் கூச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். நம் பழக்கத்தில் பழைய சாமான் பெரும்பாலும் கொடுக்கிற பொருள்தான். தம்பி வீட்டுக்குப் போகும், புதிதாகக் குடித்தனம் வைக்கிற உறவுப் பிள்ளைக்குப் போகும், வீட்டு வேலைக்கு வருகிறவருக்குப் போகும். விற்கிறோம் என்று சொன்னால் "அப்படி என்ன நெருக்கடி?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: நம்மைக் கூச வைப்பது வாங்க வருகிறவரின் முகம். முன்பின் தெரியாத ஆளிடம் விலை சொல்ல உனக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் நாக்கு எழாது. இது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் என்றும் நினைத்துவிடாதே. பின்லாந்தில் ஆள் இல்லாமலே விற்கிற சந்தைகள் இருக்கின்றன. ஓர் அலமாரியையோ மேசையையோ ஒரு வாரம்போல வாடகைக்கு எடுத்து, பொருள்களில் விலைச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டு வந்துவிடலாம். சந்தைக்காரர்களே காசு வாங்கி, பிறகு கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் யாரென்று விற்றவருக்குத் தெரியாது. ஜப்பானில் 2013-இல் வந்த, பழைய சாமான் விற்கிற மெர்காரி செயலியில், இரு தரப்பும் பெயரும் முகவரியும் தெரியாமலே பொருளை அனுப்பிக்கொள்ளும் வசதி உண்டு. அந்த நாட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏசி இவற்றைத் தூக்கிப்போடுவதற்கே நாம்தான் பணம் கட்ட வேண்டும். 2001-இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. கழிப்பதற்கே காசு என்றால் விற்பதில் வெட்கம் பார்க்க முடியுமா?

நெதர்லாந்துக்காரர்கள் நேர் எதிர். ஏப்ரல் 27, மன்னர் நாளன்று ஊரே தெருவில் பாய் விரித்து உட்கார்ந்துவிடும். குழந்தைகள் தாங்கள் விளையாடி முடித்த பொம்மைகளைத் தாங்களே விலை சொல்லி விற்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் விற்கும்போது யார் யாரைப் பார்த்து என்ன நினைப்பது? பிரான்சில் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தெருச் சந்தைகளில் தனி ஆள் ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறைதான் தன் பழைய சாமானை விற்கலாம். அதற்கு மேல் போனால் வியாபாரி.

எனக்கே ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது ஒன்று உண்டு. உன்னிடம் வந்திருந்தபோது, காலமாகிவிட்ட ஒருவருடைய வீட்டையே திறந்துவிட்டு விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? யார் யாரோ படுக்கையறை வரை நடந்துகொண்டிருந்தார்கள். ஹேங்கரில் தொங்கிய சட்டை ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு. ஒரு தட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடிகள் நாலைந்து, அவற்றுக்கும் விலை. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. உன் அம்மாதான் அசராமல் ஒரு ஊசி நூல் டப்பாவை வாங்கினாள். திறந்தால் பாதி தீர்ந்த நூல்கண்டுகள், ஒரு ஊசியில் நீல நூல் கோத்தபடியே இருந்தது. செத்தவர் சாமானா என்று நான் முகம் சுளித்ததற்கு, "அவர் விட்ட இடத்திலிருந்து தைக்கிறேன், உங்களுக்கென்ன?" என்றாள். இன்றைக்கும் என் சட்டைக்குப் பொத்தான் அந்த டப்பாவிலிருந்துதான் வருகிறது.

கொடுப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கொடுக்கிற பொருளை வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது, குறை சொல்லவும் முடியாது. ஆடுகிற நாற்காலியை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, கொடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். அவர் வீட்டில் அது ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கிடக்கும். விலை கொடுத்து வாங்குகிறவர் நாற்காலியைத் தட்டிப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் போய்விடுவார். அந்தச் சுதந்திரம் அவருக்கு இருக்கட்டுமே.

சரி, காரியத்துக்கு வருகிறேன். மேசை போடுங்கள். நண்பர்களுக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, அதைச் சும்மா கொடுத்துவிடு. அன்றைக்கு மேசைக்கு எதிரில் அவர்களை நிற்க வைத்து விலை பேசாதே. கல்யாணத்துக்கு வந்தவற்றில் கொடுத்தவர் பெயர் பொறித்த எதுவும் விற்பனைக்கு வேண்டாம். அது வேண்டாத பொருளாகவே இருந்தாலும் பெட்டியில் கிடக்கட்டும். சாப்பாட்டு மேசையின் ஒரு கால் ஆடுகிறது என்பதை வாங்குகிறவர் கேட்பதற்கு முன் நீயே சொல்லிவிடு.

குழந்தையின் பழைய கட்டில், பக்கத்துக் கம்பிச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற மாதிரியானதா என்று பார். அப்படியென்றால் விற்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. குழந்தைகள் சிக்கி இறந்ததால் 2011 ஜூனில் இருந்து அமெரிக்காவில் அந்த வகை விற்பனைக்கே தடை. வீட்டு வாசல் விற்பனைக்கும் அது பொருந்தும். கழற்றி உடைத்துக் குப்பையில் போடச் சொல். காரில் குழந்தையை உட்கார வைக்கிற சீட்டையும் பார்த்துக்கொள், பெரும்பாலும் அதில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும்.

அப்புறம், பழைய டேப்லெட்டை மேசையில் வைக்கும் முன் உன் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிடு. குழந்தையின் படங்களை மட்டும் அதற்கு முன் எங்களுக்கு அனுப்பு. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா