எலும்புக்கு ஒரு பந்தல்

பண்ணைக்காடு,
வியாழக்கிழமை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. முறிந்த காலைக் காரணம் காட்ட முடியாது, எழுதுவது கையால்தானே. சோம்பல்தான்.

ஐப்பசி மழையில் காப்பித் தோட்டத்துச் சரிவில் வழுக்கி இடது கணைக்கால் எலும்பு முறிந்ததும், தகடு வைத்ததும் உனக்குத் தெரியும். எட்டாம் மாதமும் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தால், நகத்தால் கீறியதுபோல் முறிவின் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. மருத்துவர் சர்க்கரைக் கணக்கைக் கேட்டபோதெல்லாம் பாதிப் பொய் சொல்லிவந்தேன். தினமும் தின்ற விருப்பாச்சி வாழைப்பழங்களை யார் ஒப்புக்கொள்வது? ஆனால் மூன்று மாதச் சராசரி என் பேச்சைக் கேட்கவில்லை. அதைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 9.8 சதவீதம்.

மதுரையில் மறுபடியும் அறுவை சிகிச்சை. இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி, அதோடு டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற சுண்ணாம்புச் சத்து உப்பின் துகள்களைக் கலந்து இடைவெளியில் அடைத்தார்கள். மருத்துவர் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். ரவையைவிடச் சற்றுப் பெரிது, சுண்ணாம்பு நிறம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் மேலெல்லாம் பொடிப்பொடி ஓட்டை.

அவர் அதைக் கட்டட வேலைக்குக் கட்டுகிற சாரம் மாதிரி என்றார். எனக்கு நம் சௌசௌ பந்தல்தான் நினைவுக்கு வந்தது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துவிட்டால் கொடி பற்றிக்கொண்டு ஏறுவதுபோல, அந்த ஓட்டைகளுக்குள் எலும்புச் செல்லும் ரத்தக் குழாயும் ஏற வேண்டும். ஓட்டை 0.3 மில்லிமீட்டராவது இருந்தால் குழாய்க்கு வசதியாம். எலும்பு வளர வளர இந்தப் பந்தல் தானே கரைந்துவிடும். நம் கல்தூண் கரைந்தால் தோட்டமே படுத்துவிடும்!

பந்தல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மண் கெட்டிருந்தால் கொடி ஏறுமா? சர்க்கரை செய்வது அந்த வேலைதான். எலும்பின் கொலாஜன் நாரில் ஒட்டி அதை இறுக்கிவிடுகிறது. ஸ்கேனில் அடர்த்தி சரியாகத் தெரிந்தாலும் எலும்பு மொறுக்கென்று முறியும். நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் குறைகிறது. காயத்தைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோபேஜ் செல்கள், வேலை முடிந்ததும் ஆற்றும் பணிக்கு மாறாமல் சண்டைக் கோலத்திலேயே நிற்கின்றன. எலும்பைக் கட்டுகிற செல்களுக்குத் தங்கள் முறை வருவதே இல்லை.

அதனால் பந்தலோடு மருந்தையும் சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ச்சியில் இருக்கும் என் தம்பி மகள் சொன்னாள். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில், நாம் இருவரும் விழுங்கும் அதே சர்க்கரை மருந்தான மெட்பார்மினை ஏற்றி முறிந்த இடத்திலேயே கசியவிடுகிறார்கள். சைவனான உன் காலில் இறால் ஓடு வைத்தால் எப்படியிருக்கும்! சர்க்கரை நோயுள்ள எலிகளிடம் பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்கு இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. எலிகளுக்கு என்னைவிட நல்ல வைத்தியம்.

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் கோடு மங்கியிருக்கிறது. தடியூன்றிப் பந்தல்வரை போய்வருகிறேன். பழத்தை நிறுத்திவிட்டேன், இந்த முறை முழு உண்மை.

தை மாதம் வா. பழனி வழியாக வந்தாலும் பஞ்சாமிர்தம் வேண்டாம். அடுத்த கடிதத்தில் உன் எச்பிஏ1சி எவ்வளவு என்று எழுது, பாதிப் பொய் இல்லாமல்.

அன்புடன்,
உன் பங்காளி