கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்: யார் வீட்டு மீட்டரில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவு என்று வாசகர் ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எந்த மாதத்தில், யார் வீட்டு மீட்டரில் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் 34 வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன். இன்றைக்கும் சிட்டை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது. கார் வந்த மறுவாரமே சார்ஜ் ஏற்றுகிற லைனுக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் மாட்டிவிட்டேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது சின்னக் கார். பேட்டரி 24 யூனிட் கொள்ளும். ஷோரூமில் கிலோவாட் ஹவர் என்று சொல்லிக் குழப்புவார்கள். நம் கரண்டு பில்லில் வருகிற யூனிட்டும் அதுவும் ஒன்றேதான். ஏசி போட்டு ஓட்டினால் முழு சார்ஜுக்கு 195 கிலோமீட்டர் கிடைக்கிறது. சுவரிலிருந்து எடுப்பது அத்தனையும் பேட்டரிக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் சூடாக வீணாகிவிடும். அதையும் கழித்தால் மீட்டரில் ஓடுகிற ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர். போன வருடம் வீட்டில் ஏற்றி ஓட்டியது 11,400 கிலோமீட்டர், சப் மீட்டரில் 1,630 யூனிட். அதாவது இரண்டு மாத பில்லில் 270 யூனிட் காருக்கே போகிறது.

இந்த 270 எதன் மேல் போய் உட்காருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கார் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு 260 யூனிட் ஆகும். பில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். காரையும் சேர்த்தால் 530 யூனிட், 2,300 ரூபாயை ஒட்டி வருகிறது. கூடுதலை வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 94 பைசா. வாசகர் சொன்னது சரி. சித்திரை, வைகாசியில் ஆத்தா அறையில் ஏசி ஓடுவதால் காருக்கு முன்பே 480 யூனிட். அதன் மேல் கார் ஏறினால் 500-க்கு மேல் யூனிட் எட்டு ரூபாய் சொச்சம், 600-க்கு மேல் ஒன்பது ரூபாய் சொச்சம். அதே கார், அதே ரோடு, கிலோமீட்டருக்கு 1.40 ரூபாய் ஆகிவிட்டது. வீட்டில் மூன்று ஏசி வைத்து ஆயிரம் யூனிட் தாண்டுகிறவர்களுக்கு யூனிட் பதினோரு ரூபாய்க்கு மேல். அவர்கள் கணக்கு இன்னும் வேறு.

இதில் இன்னொரு கண்ணி. 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கிற பாதி விலைச் சலுகை போய்விடும். 501-ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் சுமார் 240 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுக்க வருகிற வாரத்தில் நான் தினமும் காலையில் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். 488 என்று இருந்தால் அன்றைக்கு கார் வெளியே போகாது. மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். டெல்லியில் சார்ஜ் ஏற்றுவதற்கென்றே தனி இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். யூனிட் கூடக் கூட விலை ஏறுகிற ஸ்லாப் கிடையாது, யூனிட் 4.50 ரூபாய். நம் ஊரிலும் வீட்டில் ஏற்றுகிறவர்களுக்கு இப்படி மலிவாக ஒரே விலை வேண்டும். அந்தக் கோரிக்கைக்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

இத்தனைக்கும் நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தது. இன்றைய விலையில் கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய். ஆயில் மாற்றும் செலவும் இப்போது இல்லை. இன்சூரன்ஸ்தான் கொஞ்சம் கூடுதல். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அதற்குள் எனக்கு எழுபது தாண்டிவிடும்.

வாங்கப் போகிறவர்கள் காரைவிட முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்குப் பலகையில் பதித்த சுவிட்சுகள் இன்னும் இருக்கின்றன. எர்த் கம்பி எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. நான் முதலில் ஏசி பாயின்டிலேயே சொருகினேன். ஒரே வாரத்தில் பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் கருகுகிற வாடை. அப்புறம் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்து, கரண்டு அதிகமானால் அணைகிற எம்சிபி, கசிந்தால் அணைகிற ஆர்சிசிபி இரண்டும் வைத்து, கொல்லையில் எட்டடி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் பைப் இறக்கினோம். எட்டடியும் செம்புரான் மண். கடப்பாரை போட்டால் பொறி பறக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மண் காய்ந்ததும் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து ஏற மறுத்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "எர்த்துக்குத் தாகமாக இருக்கு ஐயா, தண்ணி ஊத்துங்க" என்றார். இரண்டு குடம் ஊற்றியதும் பச்சை விளக்கு. இப்போது துளசிக்கு ஊற்றும்போது ஆத்தா அந்தக் குழிக்கும் ஒரு செம்பு ஊற்றுகிறார்கள்.

வெளியூர் விஷயம் சுருக்கமாக. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, தேவகோட்டை எல்லாம் கவலையே இல்லை. சென்னைக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது. இந்தச் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு ரோட்டில் நான் போக மாட்டேன். வேகமாக ஏற்றுகிற பொது சார்ஜரில் எனக்கு ஜிஎஸ்டியோடு யூனிட் இருபது ரூபாய்க்கு மேல் ஆகிறது. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். அதுகூடப் பரவாயில்லை, வேலை செய்தால். நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் வழிகாட்டுதல் போட்டது. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போய்த் திரும்புகையில், ஆப்பில் பச்சையாகக் காட்டிய ஒரு சார்ஜரை நம்பிப் போனோம். அங்கே காவலுக்கு இருந்தவர், "அதுல பத்து நாளா கரண்டே இல்லையே" என்றார்.

புதுக்கோட்டை, திருமயம் தாண்டிக் கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டு வாசலில் வந்து நின்றபோது 8 சதவீதம் இருந்தது. நாலு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு, காவல்காரர் மட்டும்தான் இருக்கிறார். அண்ணன் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏசி மாட்டியபோது புதிதாகப் போட்ட லைன் பின்கட்டில் இருந்தது. காரைப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சொருகிவிட்டு, இரவு அங்கேயே தங்கினோம். ஏறியது 14 யூனிட். அந்த வீட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு நூறையே ஒட்டித்தான் ஓடும் என்பதால், நூறுக்கு மேல் கிடைக்கிற அந்தப் பாதி விலையில் யூனிட்டுக்கு 2.35 வீதம் 33 ரூபாய் என்று பொதுச் சிட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அரசாங்கம் இந்தச் சலுகையை உங்கள் காருக்காகக் கொடுக்கவில்லை என்று மனைவி சொன்னது உறைத்தது. ஆனாலும் அந்த நேரத்தில் வேறு வழியில்லை.

மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "ஏன்டா தம்பி, ஆள் இல்லாத வீட்டுல கரண்டு ஓடுதாமே?" விவரத்தைச் சொல்லி, 33 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பங்காளிகள் கூடும்போது பேசிக்கொள்ளலாமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி.