கவிதைப் பட்டறைக்கு வரும் மகளுக்கு

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். மேலூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கவிதை எழுத வைக்க ஓர் அறக்கட்டளை உன்னைக் கூப்பிட்டிருக்கிறது என்றதும் உங்கம்மா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். பெங்களூரில் இருந்துகொண்டு எழுதுகிற பெண் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் திட்டத்தில் ஒரு குறை. பக்கம் பக்கமாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கவிதை இருக்கிறது, நீ இருக்கிறாய். அந்த வகுப்பு டீச்சரை எங்கேயும் காணோம். கடைசியில் மட்டும் "ஆசிரியரின் ஒத்துழைப்பு தேவை" என்று ஒரு வரி. கல்யாண மண்டபத்துக்கு மைக் செட் தேவை என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது அது.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவில் வேறு சிலதும் வரும், வாத்தியார் புத்தி.

முதலில் நீ பார்க்கப்போகும் அறையைப் பற்றி. நம் பக்கத்து ஒன்றியப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். நாலாவதும் அஞ்சாவதும் ஒரே அறையில் இருக்கும். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அப்புறம் அஞ்சாவது வரைக்கும் நீட்டினார்கள். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடக்கும். அஞ்சாவதில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அரும்பு நிலையிலேயே இருக்கலாம், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும். நீ போய் நின்று "எல்லாரும் எட்டு வரி எழுதுங்கள்" என்றால் அந்தப் பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டே முக்கால் மணி நேரத்தையும் ஓட்டிவிடும். எவ்வளவு சீவினாலும் தீராத பென்சில் அவர்களிடம் உண்டு.

என் பள்ளிக்கு வெவ்வேறு சமயத்தில் இரண்டு கவிஞர்கள் வந்தார்கள். முதலாமவர் நல்ல பேச்சாளர். இயற்கையை நேசியுங்கள் என்று அழகாகப் பேசிவிட்டு, இயற்கையைப் பற்றி எழுதச் சொன்னார். அத்தனை பேரும் "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மரம் என்று கேட்டால் அதைச் சொன்னால்தான் பெரியவர்கள் கைதட்டுவார்கள் என்று எல்.கே.ஜி.யிலிருந்து பழகியிருக்கிறது. மரம், மழை, அம்மா, தாய்நாடு இதெல்லாம் பேச்சுப் போட்டிக்கு நேர்ந்துவிட்ட தலைப்புகள். நீ அந்தப் பக்கமே போகாதே.

இரண்டாமவர் நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தைய வருஷம் வந்தார். பார்த்தால் கவிஞர் என்று சொல்ல முடியாது, கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி இருப்பார். கவிதை என்ற சொல்லையே அவர் முதல் ஒரு மணி நேரம் வாயில் எடுக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சிவப்புப் பைக்குள்ளே சில்லறை கொட்டிக் கிடக்குது, என்ன?" என்று கேட்டார். மிளகாய் வத்தல் என்று நாலாபக்கமும் கத்தல். அப்புறம் பிள்ளைகள் அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் அப்பத்தா சொன்னது, அம்மாச்சி சொன்னது என்று பொழுதுக்கும் வந்துகொண்டே இருந்தது. அடுத்துத்தான் அவர் வேலையைக் காட்டினார். "இதெல்லாம் பழசு. உங்க அப்பத்தா காலத்தில் இல்லாத ஒரு பொருளுக்கு விடுகதை கட்டுங்க பார்ப்போம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முதலில் கை தூக்கியவன் யார் என்கிறாய்? அரும்பு நிலையில் உட்கார்ந்திருந்த, நான் மேலே சொன்ன பென்சில் சீவுகிற பையன். அவனுக்கு எழுத வராது, அதனால் எழுந்து நின்று சொன்னான்: "ராத்திரி பூராம் ஊசி போட்டாங்க, மண்ணுக்குக் காய்ச்சல் விடல." போர்வெல் போடுகிற போர் வண்டியாம். அவன் வீட்டுக் கொல்லையில் அந்த வாரம்தான் ஆழ்துளை போட்டு, வெறும் புழுதிதான் வந்திருந்தது. டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினார். அவன் தான் சொன்னது எழுத்தாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான், உட்காரு என்று சொல்லியும் உட்காரவில்லை.

அடுத்து ஒரு பெண் பிள்ளை: "விரலக் காட்டுனா அரிசி தருவான், எங்க அப்பத்தா விரல மட்டும் அவனுக்கு அடையாளம் தெரியாது." ரேஷன் கடை மெஷின். களையெடுத்து, நாற்று நட்டு, ரேகை தேய்ந்த கையை அந்த மெஷினில் எத்தனை தரம் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள் என்று நீயும் பார்த்திருப்பாய். அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை "அரசு வழங்கும் நலத்திட்டங்கள்" என்று தொடங்கியிருக்கும்.

விடுகதை ஏன் வேலை செய்தது என்று நான் பிற்பாடு யோசித்தேன். எழுதத் தெரியாத பிள்ளையும் விடுகதை சொல்லும். அதற்கு நல்ல பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, எதிராளியைக் கொஞ்சம் ஏமாற்றத் தெரிந்தால் போதும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற வித்தை முழுக்க அதில் இருக்கிறது. எதுகை, மோனை நீ சொல்லிக்கொடுக்க வேண்டாம், சில்லறையும் சிவப்பும் தானாக வந்து பக்கத்தில் உட்காரும். அவர் மதியத்துக்கு மேல் இன்னொன்றும் செய்தார். விடியுமுன் வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னார். கல் லாரி, மயில், அப்பா பைக்கை உதைக்கிற சத்தம் என்று எழுதினார்கள். ஒருத்தி, வாளி கிணற்றில் இறங்கும்போது தண்ணி இருந்தால் ஒரு சத்தம், இல்லாவிட்டால் ஒரு சத்தம் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ரப்பர். அவர் வந்ததும் எல்லா ரப்பரையும் வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டார். நம் பிள்ளைகள் ஒரு வரி எழுதி நாலு தடவை அழிப்பார்கள், தாள் ஓட்டையாகும், பீரியட் முடியும். அடித்துவிட்டு மேலே போ என்றால் போதும். கோடு போடாத வெள்ளைத் தாள் நிறையக் கொண்டு வா. இரட்டைக்கோடு நோட்டைக் கண்டால் கையெழுத்துப் போட்டி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிழை திருத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். 'வந்துச்சு', 'கெடக்கு' என்று எழுதினால் விட்டுவிடு, அது பிழையே இல்லை. ர, ற தடுமாற்றம் பிழைதான். ஆனால் அன்றைக்கு நீ அதைத் தொடாதே. மறுநாள் டீச்சர் பார்த்துக்கொள்வார், அவருடைய வேலை அது. நீ அவர் முன்னாலேயே பிள்ளைகளிடம் "பிழை எல்லாம் முக்கியமில்லை" என்று வள்ளல் மாதிரி அறிவித்துவிட்டுப் போனால், வருஷம் முழுக்கச் சிவப்பு மையோடு நிற்கிறவரை வில்லனாக்கிவிட்டு பஸ் ஏறுகிறாய் என்று அர்த்தம். இது எனக்குப் பிடிக்காத விஷயம், அதனால் கொஞ்சம் காட்டமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. அப்பாவைப் பற்றி எழுது, வீட்டைப் பற்றி எழுது என்று கேட்காதே. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன அப்பாக்கள் உண்டு. போய்த் திரும்பாதவர்களும், சாயந்தரம் கடையில் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. நீ கேட்காமலே சில பிள்ளைகள் எழுதுவார்கள். அந்தச் சத்தப் பட்டியலில் ஒரு தாள் அப்படி வந்தது. கவிஞர் அதைப் படித்தார், வாய்விட்டு வாசிக்கவில்லை. மடித்து வைத்து, பெல் அடித்த பிறகு டீச்சரிடம் தனியாகக் கொடுத்தார். டீச்சருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது. அப்புறம் அந்த வீட்டுக்குப் போனோம், பேசினோம். அது வேறு கதை.

சரி, டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எங்கள் டீச்சர் பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருந்தார். சோம்பல் என்று நினைக்காதே. வருகைப் பதிவிலிருந்து எல்லாமே எமிஸ் என்கிற கல்வித் துறைத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டும், நம் பக்கம் சிக்னல் எப்படி என்று உனக்கே தெரியும். கவிஞர் அவருக்கும் ஒரு தாளை நீட்டி, "நீங்களும் எழுதுங்க டீச்சர்" என்றார். அவர் நாணிக்கோணி, கடைசியில் எழுதி வாசித்தார்: "காலையில் தலை எண்ணிக் கொடுக்காமல் விடமாட்டான். சுற்றிக்கொண்டே இருப்பான், ஓரடி நகரமாட்டான்." எமிஸ்! நான் சிரித்ததில் சத்துணவு அமைப்பாளர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். பிள்ளைகளுக்கு விடை புரியவில்லை. ஆனால் டீச்சர் எழுதி அடித்து மறுபடி எழுதினதை அவர்கள் பார்த்தார்கள்.

கவிஞர் அதற்குப் பிறகு இன்னும் ஒரே தடவைதான் வந்தார். ஆனால் கரும்பலகை மூலையில் தினம் ஒரு விடுகதை என்று அந்த டீச்சர் தொடர்ந்து நடத்தினார். தன் விடுகதையைத் தானே எழுத வேண்டும் என்ற ரோஷத்திலேயே போர் வண்டிப் பையன் எழுத்துக்கூட்டக் கற்றான். ஊஞ்சல் என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பத்திரிகை வந்ததே, அதற்குக்கூடச் சிலது அனுப்பினோம். மறு வருஷம் கலந்தாய்வில் டீச்சர் மாறுதலாகிப் போனார். எங்கள் கரும்பலகை மூலையில் தேதியும் கிழமையும் மட்டும் மிஞ்சின. அவர் போன பள்ளியில் இப்போது தினம் விடுகதை நடக்கிறது. பட்டறை அவரோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், தாயி: உன் திட்டத்தில் முதல் நாளைப் பிள்ளைகளுக்கு வைக்காதே. நாலு பள்ளி டீச்சர்களையும் ஒரு சனிக்கிழமை கூட்டி உட்கார வைத்து அவர்களை எழுத வை. வகுப்பில் பாதியை அவர்கள் நடத்தட்டும், நீ பக்கத்தில் இரு. பத்துப் பதினைந்து நாள் விட்டு மறுபடி வா. பள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும் என்று அறக்கட்டளையிடம் சொல்.

மதுரையில் எந்தப் பள்ளியில் கவிஞர் மேடையேறினாலும், 1904-இல் பாரதி சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்ததைச் சொல்லாமல் வரவேற்புரை முடியாது. உன் தலையிலும் அதை ஏற்றுவார்கள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திரு. என் ஆள் வேறு. மதுரை இளம்பாலாசிரியன் சேந்தங்கூத்தனார் என்று ஒரு சங்கப் புலவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார், பெயரிலேயே வேலை இருக்கிறது. அகநானூற்றில் அவருடைய 102-ஆம் பாட்டை எடுத்துப் பார். தினைப்புனத்தில் பரண் மேல் காவலிருக்க வேண்டியவன் கள்ளைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். குறத்தி ஈரக் கூந்தலைக் கோதிக்கொண்டே குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த யானை கதிரையும் தின்னாமல், நின்ற இடத்தை விட்டும் நகராமல் அப்படியே தூங்கிப்போகிறது. அப்படி எழுதினவர் மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போயிருப்பார். உன் டீச்சர்களிடம் பாரதிக்குப் பதில் இவரைச் சொல், அவர்களுக்கு ஒட்டும்.

இனி நடைமுறை. 2024-இல் சென்னைப் பள்ளி ஒன்றில் ஒருவர் பேசியது பெரிய விவகாரமான பிறகு, வெளியாட்களை உள்ளே விடுவதில் கெடுபிடி கூடியிருக்கிறது. தலைமையாசிரியர் தெரிந்தவர் என்று நேராகப் போய்விடாதே. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கு. நான் கூட வருகிறேன். ஃப்ளெக்ஸ், பொன்னாடை, சான்றிதழ் எதுவும் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் வரவேற்பிலேயே ஒரு பீரியட் போய்விடும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கட்டாயம் வேண்டாம். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து இணையத்தில் போடாதே, அறக்கட்டளை கேட்டாலும். காலை உணவு முடிந்து பிள்ளைகள் கை கழுவி வந்ததும் தொடங்கு. சத்துணவுக்குப் பிறகு கனமான எதையும் வைக்காதே, சத்தப் பட்டியல் மாதிரி லேசானதாக வை.

தேதிக்கு வருவோம். நீ பொங்கலை ஒட்டிப் போட்டிருக்கிறாய், அது ஆகாது. மாட்டுக்கும் மஞ்சுவிரட்டுக்கும் நடுவில் உன் கவிதையை யார் கேட்பார்? தை பாதிக்கு மேல் ஆரம்பித்து, மூன்றாம் பருவத் தேர்வு நெருங்குமுன் முடித்துக்கொள். ஒவ்வொரு ஊரிலும் கண்மாயில் மீன்பிடித் திருவிழா எப்போது என்று கேட்டு வைக்கிறேன், அன்றைக்கு ஊரில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராது, டீச்சர் வந்தாலே பெரிசு. மாட்டுத்தாவணியில் இறங்கி எனக்குப் போன் பண்ணு. மேலூரிலிருந்து ஊர்களுக்கு டவுன் பஸ்தான், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும் எடுத்தால் போதும். டீச்சர்களைக் கூட்டும் சனிக்கிழமை எது என்று முதலில் முடிவு பண்ணி எழுது. அந்த எமிஸ் டீச்சரிடம் பேசிவிட்டேன், அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா