அந்த 17 வயதுப் பையனைப் பற்றி

அன்பு மகன் கதிருக்கு,

நேற்று போனில் நீ சொன்ன பையன் மனதைவிட்டுப் போகவில்லை. அவனை வாங்கலாமா என்று உன் கால்பந்து கிளப்பில் உன்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள் என்றாய். விடிய மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வாங்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. 2019-இல் ஸ்பெயினின் அட்லெட்டிகோ மட்ரிட் கிளப் 19 வயது ஜொவாவ் ஃபெலிக்ஸுக்கு 126 மில்லியன் யூரோ கொட்டியது. அப்படி உங்களால் முடியாது. சின்ன வயதில் வாங்கி, வளர்த்து, விற்றுத்தான் உங்களைப் போன்ற கிளப்புகளுக்குப் பிழைப்பு. ஆனால் அறிக்கையில் பையனைப் பற்றி எழுதும் அளவுக்கு உங்களைப் பற்றியும் எழுது. அவன் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் ஆடுகிறார்கள்? முதல் வருஷம் எத்தனை ஆட்டம் கொடுப்பீர்கள்? பயிற்றுவிப்பாளர் மாறினால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நார்வேக்கார ஓடகார்டை 2015-இல் 16 வயதில் ரியால் மட்ரிட் வாங்கியது. அந்த மே மாதமே ரொனால்டோவுக்குப் பதிலாக மைதானத்தில் இறங்கினான். பிறகு நீ இருக்கும் நெதர்லாந்திலேயே ஹீரன்வீன், விட்டெஸ் என்று வேறு கிளப்புகளில் இரவலில் சுற்றினான். ஸ்பெயினில் சோசியடாட் கிளப் வாரா வாரம் ஆடவிட்டது, மலர்ந்தான். இங்கிலாந்தின் ஆர்சனலில் 2022-இல் அணித்தலைவன். ஃப்ரெடி அடுவுக்கு அப்படி ஓர் இடம் அமையவில்லை. 2004-இல் 14 வயதில் அமெரிக்க லீக்கில் இறக்கி, அடுத்த பெலே என்றார்கள். பிறகு கிளப் கிளப்பாக அலைந்தான்.

நம் சிங்கப்பூர் ஃபாண்டி அகமது 1983-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் கிளப்புக்குப் போனபோது வயது 21. அதற்குள் 1980 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூருக்கு எதிராகக் கோல் போட்டிருந்தார். இந்தோனேசியாவில் நியாக் மித்ரா கிளப்புக்கும் ஆடியிருந்தார். இத்தாலியின் இண்டர் மிலானுக்கு எதிராக அவர் கோல் போட்ட செய்தி வந்த அன்று உன் தாத்தா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்தப் பெயரை உன் தலையில் வைத்தவன் நான். உனக்கு 13 வயதில் யாரோ ஒருவர் 'அடுத்த ஃபாண்டி' என்றார். கோப்பிக்கடையில் ஒருவர் விடாமல் சொன்னேன். பள்ளிக்குழு, கிளப், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். முட்டி வலிக்கிறது என்று நீ சொன்னாய். டாக்டர் கேட்டபோது, நீ வாய் திறக்கும் முன்னே "ஒண்ணுமில்லை டாக்டர்" என்றேன். 16 வயதில் முட்டி போனது. பயிற்சிக்கு அழைத்தவர்களில் ஒருவர்கூட அப்புறம் போன் பண்ணவில்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது "மகன் இப்போ எங்கே ஆடுறான்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் அம்மாதான் பதில் சொன்னாள். தப்பு என்னுடையது, ஐயா. இத்தனை வருஷம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பையன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாய். அவன் அப்பா உனக்கு நன்றாகச் சாப்பாடு போடுவார், வீடியோ காட்டுவார். வலி ஏதாவது உண்டா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். நீ பையனைத் தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கேள்.

அன்புடன்,
அப்பா