முதலில் சப்பாத்தை மாற்று, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அண்ணாவின் சின்னவன் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான், அதைப் பிறகு எழுதுகிறேன். உன் கணக்கில் 350 டொலர் போட்டிருக்கிறேன். அது சப்பாத்துக்கு மட்டும். போன முறை போலத் திருப்பி அனுப்பிவிடாதே. உன்னிடம் காசில்லை என்று நினைத்து அனுப்பவில்லை. காசிருந்தும் உனக்கென்று ஒன்றும் வாங்கமாட்டாய் என்பதால்தான் அனுப்புகிறேன்.

அளவைக் கருவிக்குப் பக்கத்தில் நீ நிற்கும் படத்தை அம்மா கோயிலில்கூடக் காட்டிவிட்டார். "என் மகள் வின்னிபெக்கில் நிலம் அளக்கிறாள்" என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நிமிர்ந்துதான் நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி உன் காலைப் பார்த்தேன். தோல் நனைந்து கறுத்திருக்கிறது. அடிப்பாகமும் தோலும் சேருகிற இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்து நிற்கிறது. கயிற்றை மேல் கொளுவி வரை இழுத்து இறுக்கிக் கட்டியிருக்கிறாய். அது இலையுதிர் காலத்துக்கு வாங்கிய சப்பாத்து. செப்டெம்பரில் இங்கிருந்து போட்டுக்கொண்டு போனாயே, அதேதான்.

வங்கி வேலையை விட்டதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. சித்திரையில் பேசியது அதோடு போகட்டும். 87இல் வந்தபோது வாகனத் தரிப்பிடங்களில் பனி அள்ளித்தான் நான் இந்த நாட்டில் காலூன்றினேன். வெளியில் நின்று உழைக்கிறவளை நான் குறைவாக நினைப்பேனா? ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் சொல்லைக் கேள்.

பெட்டியில் மைனஸ் 40, மைனஸ் 70 என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதே. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குக்குப் போடுகிற எண் அது. ஓயாமல் நடப்பவருக்குச் சரிவரலாம். நீ நிற்பவள். கருவியைச் சமப்படுத்திவிட்டு அசையாமல் நிற்கும்போது, உறைந்த நிலத்திலிருந்து குளிர் அடி வழியாக ஏறும். அதனால் அடி தடிப்பாக இருக்க வேண்டும். உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை இருக்கிறதா என்று பார். உறையில் இரண்டு சோடி வாங்கு. ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். உறை இல்லாத வகை என்றால் உள்ளே வைத்திருக்கும் வெப்பக்காப்பின் எடையை எழுதியிருப்பார்கள். 200, 400 கிராம் எல்லாம் நடையாக நடப்பவர்களுக்கு. உனக்கு 800க்குக் குறைந்தது வேண்டாம். வண்டியில் ஒரு துண்டு நுரைப்பாய் போட்டு வை. ஓரிடத்தில் நிற்கும்போது அதை விரித்து அதன்மேல் நில். யார் பார்த்து என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

அடுத்தது அளவு. இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். இறுக்கமான சப்பாத்து எவ்வளவு விலையானாலும் குளிரும், இரத்தம் விரலுக்குப் போகாது. தடித்த கம்பளிக் காலுறையைக் கடைக்குக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டே அளந்து பார். கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போ. விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். பெண்களின் அளவில் வேலைச் சப்பாத்து கடைகளில் குறைவாகவே இருக்கும். இருப்பதை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எடுக்காதே. ஆண்களின் அளவில் கேள், உன் அளவிலிருந்து ஒன்றரை குறைத்துக் கணக்குப் பார்த்தால் வரும். அதற்குமேல் அரை அளவு கூட்டிப் போட்டுப் பார். இறுக்கமாக மட்டும் வேண்டாம்.

பச்சை முக்கோணக் குறி இருக்க வேண்டும் என்று வேலையிடத்தில் சொல்லியிருப்பார்கள். விரலுக்கும் அடிக்கும் பாதுகாப்பு உள்ளது என்பதற்கு அதுதான் அடையாளம். அதிலும் உருக்கு முனை வேண்டாம், குளிரை இழுக்கும் என்று சொல்வார்கள். உலோகமில்லாத முனையுள்ளதைக் கேள். வழுக்குவதைப் பற்றியும் எனக்குக் கவலைதான். இங்கே ரொறன்ரோவில் மறுவாழ்வு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் பனிக்கட்டிச் சரிவில் ஆட்களை நடக்கவிட்டுச் சப்பாத்துகளைச் சோதிக்கிறார்கள். பிடிமானத்துக்குத் தக்கபடி பனிப்பூக் குறி கொடுத்து 2016 முதல் வெளியிடுகிறார்கள். வாங்குமுன் அந்தப் பட்டியலைப் பார்.

நனையாமலிருக்க, பாதத்தைச் சுற்றி ரப்பரும் மேலே தோலும் உள்ளது நல்லது. ஆனால் ரப்பர் வியர்வையையும் வெளியே விடாது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டாலும் மத்தியானத்துக்குள் காலுறை ஈரமாகிவிடும். ஈரக் காலுறையோடு பின்னேரம் வரை நிற்காதே, மாற்று. பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். இரண்டு காலுறையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு இறுக்காதே. இரவில் சூடாக்கியின் மேல் சப்பாத்தை வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து வை, போதும்.

கார்த்திகை விளக்கீட்டன்று காணொளி அழைப்பில் பேசியபோது, நீ ஒரு காலை மடித்துக் கையால் பொத்திக்கொண்டிருந்தாய். அம்மா கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாய். அதன்பிறகு எடுத்தால் "வேலை" என்கிறாய், இல்லாவிட்டால் ஒற்றை வரிச் செய்தி. அம்மா என்னிடம் கேட்கிறார், நான் என்ன சொல்வேன்? விரல் வலித்தால் உள்ளே போய்ச் சூடேற்று. வலி நின்று மரத்துப்போனால் அது சுகமாகியதாக அர்த்தமில்லை, அங்கேதான் ஆபத்து. வெளுத்திருந்தால் தேய்க்காதே, நெருப்பிலும் சூடாக்கியிலும் காட்டாதே. 37, 39 பாகை வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு வைத்தியரிடம் போ. ஒருமுறை உறைந்து இளகிய விரலை மறுபடி குளிரில் விடக்கூடாது. மொன்றியல் சித்தப்பாவின் வலது காலை நீயும் பார்த்திருக்கிறாய். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

நீ கெட்டிக்காரி, உன் வேலை உனக்குத் தெரியும். அந்தக் குளிரில் ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை என்று உன் தோழி சொன்னாள். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன், அன்றிரவு எனக்கு நித்திரையும் வரவில்லை. ஒருநாள் லீவு போட்டால் நிலம் எங்கும் போய்விடாது.

ஞாயிறு காலை அம்மா கோயிலுக்குப் போய்விடுவார். பத்து மணியிலிருந்து நான் தனியாகத்தான் இருப்பேன். எடுத்துப் பேசு. என்ன சப்பாத்து, என்ன அளவு என்று சொல். வாங்கவில்லை என்றாலும் எடு. இரண்டு காலின் படமும் வேண்டும், காலுறை இல்லாமல். அம்மாவுக்குக் காட்டமாட்டேன்.

அப்பா