கூடையில் மூன்று நாள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார், அந்த ஓட்டத்திலேயே நாட்கள் போய்விட்டன. இப்போது பரவாயில்லை, கோலை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். மருந்து, கட்டுத்துணி, அந்தக் கோல் உட்பட எல்லாம் போனில் ஆர்டர் செய்து வாசலுக்கே வந்துவிட்டன, அவரைத் தனியே விட்டுவிட்டு நான் ஒரு தடவைகூட வெளியே ஓட வேண்டியிருக்கவில்லை. அதனால் இந்தத் தொழில்நுட்பத்தை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனாலும் நீ கேட்ட கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு ஷூவை ஒரே ஒரு தடவை பார்த்தேன், வாங்கவில்லை, அதற்கப்புறம் செய்தி படிக்கப் போனாலும் வானிலை பார்க்கப் போனாலும் அதே ஷூ வந்து நிற்கிறது, இவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டிருந்தாய். சொன்னது உன் பிரவுசர்தான். 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுலி என்ற பொறியாளர், ஒரு தளம் நம் பிரவுசரில் எழுதி வைக்கும் 'குக்கி' என்ற சின்னக் குறிப்பை உருவாக்கினார். கூடையில் நாம் போட்ட பொருள், அடுத்த பக்கத்துக்குப் போனதும் தளத்துக்கு மறந்துபோகாமல் இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்காக வந்தது அது. அப்புறம் விளம்பர நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான தளங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரத் துண்டு உட்கார்ந்திருந்தால், நீ எங்கே போனாலும் அதற்கு உன்னை அடையாளம் தெரியும் இல்லையா? ஒரு பக்கத்தை நீ திறக்கிறாய், அது திரையில் முழுதாக விரிவதற்குள், கண் இமைக்கும் நேரத்துக்குள், அந்த விளம்பர இடத்துக்கு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. உன் விஷயத்தில் ஏலம் எடுத்தது ஷூக்காரர்.

ஆனால் பின்னால் வரும் விளம்பரத்தைவிட வேறொன்றுதான் என்னை உறுத்துகிறது. முன்பெல்லாம் ஒன்றை வாங்க ஆசைப்பட்டால், அதற்கும் கையில் அது வருவதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருந்தது. கடைக்குக் கிளம்ப வேண்டும், போகிற வழியில் யோசனை வரும், பணத்தை எண்ணும்போது இன்னொரு யோசனை வரும். இது நமக்குத் தேவைதானா என்ற கேள்வி அந்த நேரத்தில்தான் எழும். அந்த நேரத்தைத்தான் இந்த இணையக் கடைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஒரே அழுத்தில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, அது காலாவதியானது 2017-ல். ஒரு அழுத்தைக் குறைப்பதற்கே காப்புரிமை என்றால் அந்த ஓர் அழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்.

போன மாதம் ஒரு ராத்திரி, அக்கா தூங்கின பிறகு, மேசை விளக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் 2 மட்டுமே" என்று சிவப்பில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது, அது முடிந்தால் தள்ளுபடி போய்விடுமாம். நெஞ்சு படபடத்தது, உண்மையாகவே. விரல் பொத்தான் மேல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டார், போனை வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்து திறந்தால், கடிகாரம் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து ஓடுகிறது! இரண்டு விளக்கும் அப்படியே இருக்கின்றன. கீழே விமர்சனங்களைப் படித்தேன், மூன்று பேர் ஒரே வாக்கியத்தை ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. இந்த மாதிரிப் பொய் விமர்சனங்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்து அமெரிக்காவில் 2024-ல் விதியே கொண்டுவந்திருக்கிறார்கள், எல்லா நாட்டிலும் வர வேண்டும்.

படிப்பதிலும் பார்ப்பதிலும் இதே கதைதான். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது, அதோடு மடித்து வைத்துவிடுவோம். இணையத்தில்கூட ஆரம்பத்தில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தாமல் எழுந்து போகலாம். 2006-ல் ஏசா ராஸ்கின் என்பவர் பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் முறையை வடிவமைத்தார், பிற்பாடு அவரே அதற்காக வருந்திப் பேசினார். தொடரில் ஒரு பகுதி முடிந்தால், நாம் கேட்காமலே அடுத்தது ஓட ஆரம்பிக்கிறது. இதற்கு நடுவில் பத்திரிகைகளின் நிலைமை வேறு. வரி விளம்பரங்களும் வேலை விளம்பரங்களும் இணையத்துக்குப் போனபோது, நிருபர்களுக்குச் சம்பளம் கொடுத்த பணமும் கூடவே போய்விட்டது. விசாரித்து எழுத ஆளில்லாமல் எத்தனை செய்தி வெளியே வராமல் கிடக்கிறதோ என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். எதை வாங்கத் தோன்றினாலும் கூடையில் போட்டு மூன்று நாள் விட்டுவிடுவேன். முதலில் தளத்திலேயே போட்டுப் பார்த்தேன், மறுநாளே "எதையோ மறந்துவிட்டீர்கள்" என்று மின்னஞ்சல் வர ஆரம்பித்தது. அதனால் இப்போது நோட்டில் எழுதுகிறேன், அதுதான் என் கூடை. பதினோரு பொருள் எழுதியதில் இதுவரை வாங்கியது இரண்டு. அந்த விளக்கு மூன்றாம் நாள் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

வாங்கிய இரண்டில் ஒன்று, என் பழைய டேப் ரெக்கார்டருக்கு ரப்பர் பெல்ட். எத்தனையோ வருடமாகக் கிடைக்காதது, எங்கோ வேறு கண்டத்தில் ஒருவர் இன்னும் வைத்திருந்து விற்கிறார். இணையம் இல்லையென்றால் அந்த மனிதரை எப்படித் தேடிப் பிடிப்பேன்? மூன்று வாரம் கழித்து ஒரு சின்ன உறையில் வந்தது. மாட்டிவிட்டு, கல்லூரி விடுதியில் நாம் பதிவு செய்த கேசட்டைப் போட்டேன். முதலில் ஒரே இரைச்சல், அப்புறம் நீ தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கிறாய், பின்னால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

இதைப் போனில் பதிந்து அனுப்பு என்று கேட்காதே, அனுப்ப மாட்டேன். அக்கா நன்றாக நடக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போ, சேர்ந்து கேட்போம். அப்புறம் அந்த ஷூவை வாங்கினாயா இல்லையா என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்