எருக்குப் பூச்சிக்கு வக்காலத்து

திருமங்கலம்

அன்புள்ள அமுதா,

பொங்கலுக்கு வருகிறேன் என்று டிமிக்கி கொடுத்தவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்றுதான் இருந்தேன். ஆனால் வீட்டில் பூச்சிச் சண்டை நடக்கிறது. அதைக் கேட்க உன்னை விட்டால் ஆளில்லை. எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால்தான் வலி, வாய்க்கு ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். வரப்போரம் எருக்கங்காய் வெடித்து, அதில் சிவப்பும் கறுப்புமாகப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. கொழுந்தனார் பார்த்துவிட்டு, "பருத்தியைக் கறையாக்குற சனியன் இதுதான்" என்று எருக்கையெல்லாம் வெட்டி எரிக்கக் கிளம்பிவிட்டார். உரக்கடைக்காரரும் போட்டோவைப் பார்த்து அதே தீர்ப்பைச் சொல்லி, ஒரு மருந்து பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டார்.

நான் விடுவேனா? ஜாமெட்ரி டப்பா லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது (திருப்பித் தர மாட்டேன்). எருக்கில் ஒன்றும் பருத்தியில் ஒன்றுமாக இரண்டு பூச்சியையும் பிடித்துக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். பருத்தியின் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்குத் தலைக்குப் பின்னால் வெள்ளைக் காலர். இறக்கைக்கு ஒரு கறுப்புப் பொட்டு. புரட்டினால் வயிற்றில் வெள்ளைப் பட்டைகள். எருக்குப் பூச்சிக்குக் காலர் கிடையாது. முதுகில் கறுப்பு திட்டுத் திட்டாக இருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் பெரிய கண்களுக்கு நடுவே மினுக்கென்று இரண்டு குட்டிக் கண்கள். பருத்திப் பூச்சிக்கு அவை இல்லவே இல்லை. சிவப்புச் சேலை கட்டியவர்களெல்லாம் ஒரே வீட்டுப் பெண்களா?

லென்ஸ்கூட வேண்டாம், எந்தச் செடியில் குடியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பருத்திப் பூச்சி பருத்தியின் சொந்தபந்தங்களைத்தான் தேடிப் போகும்: வெண்டை, துத்தி, பூவரசு, இலவம். எங்கள் கிணற்றடிப் பூவரசில் ஜோடி ஜோடியாகத் திரிகிறது, அதைக் கேட்பாரில்லை! மற்றது எருக்கு விதைக்குள் ஊசிமூக்கைச் செருகி, எச்சிலால் பருப்பைக் கரைத்து உறிஞ்சுகிறது. எருக்கின் விஷத்தையும் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் குருவிகள் அண்டுவதில்லை. பரம சாது என்று சொல்ல மாட்டேன். எள்ளுக்கும் சூரியகாந்திக்கும் வரும். நாங்கள் போட்டிருப்பது பருத்தி.

அப்புறம் மூன்றாவது ஆள் ஒன்று, 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெடித்த பருத்திக் காய்க்குள் ஒளிந்துகொண்டு நாறுகிறது. ஜின்னிங்கில், அதாவது கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கும்போது, பஞ்சோடு நசுங்கிக் கறையாக்குவது அது. உரக்கடைக்காரர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இதெல்லாம் விளையாட்டு, சரி. காய் வெடித்த பிறகு மருந்தடித்தால் அது யார் கையில் ஒட்டும், சொல்? மறுநாள் பருத்தி எடுக்க வருவது முனியம்மா அக்காவும் அவர் மகளும். மடியைக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் எடுக்கிறார்கள். போன வருஷம் அக்காவுக்குக் கையெல்லாம் கொப்புளம். இதைச் சொன்னதும் கொழுந்தனார் பேசாமல் எழுந்து போனார். பாட்டில் இன்னும் மோட்டார் ரூமில்தான் இருக்கிறது.

உன் தம்பி மகள் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில்தானே படிக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவை. நான் சொன்னால் பூச்சிக் கிறுக்கி. அவள் சொன்னால் கேட்பார்கள். பஸ் காசு என்னுடையது, கறிச்சோறும் உண்டு. நீயும் தொற்றிக்கொண்டு வாடி.

உன்,
கலா